எம்.ஐ.டி.யில் உடற்கல்வி, நலவாழ்வுத் தகுதி: புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருக்கும் எம்.ஐ.டி.க்கு (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) இளநிலைப் படிப்புக்காகப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எந்தத் துறை, எந்த ஹாஸ்டல், குளிருக்கு என்ன கோட்டு என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருப்பீர்கள். உடற்கல்வியும் நலவாழ்வும் என்று ஒரு கட்டாயப் பகுதி இருப்பதைப் பலர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள், அதிலும் நீச்சல் சோதனை என்று படித்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முதல் வருடத்திலேயே ஆரம்பியுங்கள், நீச்சலில் ஆரம்பியுங்கள், மீதி தானாக நடக்கும்.

என்னதான் கேட்கிறார்கள்?

எம்.ஐ.டி.யில் நீங்கள் கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, பொருளாதாரம் படித்தாலும் சரி, எல்லோருக்கும் பொதுவான தகுதிகள் சில உண்டு. அறிவியலில் ஆறு பாடங்கள், இலக்கியம் கலை சமூக அறிவியல் பக்கம் எட்டுப் பாடங்கள் என்று போகும் அந்தப் பட்டியலில்தான் உடற்கல்வி, நலவாழ்வும் வருகிறது. நான்கு வகுப்புகள் முடிக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு 2 புள்ளி, ஆக மொத்தம் 8. கூடவே நீச்சல் தகுதி தனியாக. இரண்டும் முடியாமல் டிகிரி கையில் வராது, மற்ற எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கியிருந்தாலும்.

இந்தப் புள்ளிகள் வேறு, பாடங்களுக்கான யூனிட் வேறு. முதல் செமஸ்டரில் இத்தனை யூனிட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் இல்லையா, உடற்கல்வி வகுப்பு அந்தக் கணக்கில் சேராது. சராசரி மதிப்பெண்ணிலும் சேராது. ஒழுங்காக வந்தீர்களா, வந்தபோது கலந்துகொண்டீர்களா என்பதுதான் முக்கியம். நன்றாக ஓடுகிறவருக்கு ஒரு மார்க், மூச்சு வாங்குகிறவருக்கு ஒரு மார்க் என்ற பேச்சே இல்லை. பள்ளியில் பி.டி. பீரியடில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.ஐ.டி. மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலையின் கலை அறிவியல் கல்லூரியிலும் கார்னெல் பல்கலையிலும் உடற்கல்வியோடு 75 கெஜ நீச்சலையும் வெகுகாலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். எங்கே போகிறீர்களோ அந்த வருடத்து விதியை அந்தப் பல்கலையின் இணையப் பக்கத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள், சீனியர் சொன்னது அவர் சேர்ந்த வருடத்து விதியாக இருக்கலாம்.

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

எம்.ஐ.டி. வழக்கமாக மார்ச் 14 அன்று முடிவு சொல்கிறது. ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்குகிறீர்கள். நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது, அந்த நேரத்தில் இரண்டு காரியம்.

ஒன்று, தடுப்பூசி. இது உடற்கல்வித் தகுதியில் சேர்ந்ததல்ல, ஆனாலும் உடல்நலப் படிவம் முடியாவிட்டால் மற்றது எல்லாம் இழுத்தடிக்கும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி கல்லூரி மாணவர்கள் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி இரண்டு தவணை, ஹெபடைட்டிஸ் பி, சின்னம்மை, டெட்டனஸ் சேர்ந்த ஊசி, 21 வயது வரையிலானவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி என்று காட்ட வேண்டும். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது சின்னம்மையில். அம்மை போட்டதும் வீட்டில் வேப்பிலை வைத்துப் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், டாக்டரிடம் போயிருக்க மாட்டோம், அதனால் காகிதம் எதுவும் இருக்காது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து சான்று வாங்கலாம், இல்லையென்றால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி புதிதாக ஆரம்பித்தால் மூன்று தவணைக்கும் மாதக்கணக்கில் ஆகும், ஆகவே இதை ஜூலை வரை வைத்திருக்கக் கூடாது. காசநோய்ச் சோதனையும் கேட்பார்கள். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. ஊசியால் தோலில் செய்யும் சோதனை தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டலாம் என்பதால், ரத்தத்தில் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தண்ணீரில் இறங்குவது.

நீச்சல் தெரியாதவர்கள் கோடையில் உள்ளூரில் ஒரு பயிற்சியில் சேர்ந்துவிடுங்கள். சென்னையில் என்றால் வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளாகம் இருக்கிறது, மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, மற்ற ஊர்களில் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் விசாரியுங்கள். ஒரு மாதத்தில் யாரும் மீனாகிவிடப் போவதில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சை விடத் தெரிந்து, மல்லாக்கப் படுத்து மிதக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த இரண்டும் வராமல் கையைக் காலை அடிக்கப் பழகுவதுதான் பெரும்பாலோருக்கு நீச்சல் வராமல் போகக் காரணம்.

கிராமத்தில் கிணற்றில் நீந்தக் கற்றவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது, ஆழத்தில் குதிப்பீர்கள், அது பெரிய பலம். ஆனால் கிணற்றில் தலையைத் தூக்கிவைத்துக்கொண்டு, நின்ற வாக்கில், படிக்கட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் நாலு கை வீசினால் கரை வந்துவிடும். குளத்தில் அப்படி வராது. தலை மேலே இருந்தால் இடுப்பு கீழே போகும், இடுப்பு கீழே போனால் நகர்வதற்கு இரண்டு மடங்கு உழைக்க வேண்டும், ஐம்பது கெஜத்திலேயே தோள் இறங்கிவிடும். முகத்தைத் தண்ணீரில் வைத்து உடம்பைப் படுக்கைவாட்டில் நீட்டப் பழகுங்கள், மற்றபடி உங்கள் கிணற்று நீச்சலே போதும்.

சோதனை எப்படி இருக்கும்?

100 கெஜம், நிற்காமல். மீட்டரில் 91 சொச்சம். 25 கெஜக் குளத்தில் நான்கு நீளம். நம் ஊர் 25 மீட்டர் குளத்தில் நான்கு நீளம் நிறுத்தாமல் போக முடிந்தால் அங்கே கேட்பதைவிடக் கூடுதலாகவே நீந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நேரக் கட்டுப்பாடு கிடையாது. எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம், நடுவில் மாற்றவும் செய்யலாம். இந்த இரண்டு வசதியும் இருப்பதைப் பிள்ளைகள் மறந்துவிட்டு, பக்கத்து லேனில் போகிறவன் வேகத்தைப் பார்த்துவிட்டு முதல் நீளத்தையே ஒலிம்பிக் மாதிரி அடித்து, இரண்டாவது நீளத்தில் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துவிடுகிறார்கள். மெதுவாகப் போங்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று நீங்களே நினைக்கும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். முதல் நீளம் குப்புற நீந்தினால், இரண்டாவது நீளத்தில் மல்லாந்து திரும்பி, இரண்டு கையையும் ஒன்றாக விரித்து இழுத்து, காலைத் தவளை மாதிரி உதைத்துப் போகலாம். வாயும் மூக்கும் வெளியே இருப்பதால் அப்போது மூச்சு சமநிலைக்கு வந்துவிடும். திரும்பும் இடத்தில் சுவரைத் தொட்டு உதைத்துக்கொண்டு போவது வேறு, சுவரைப் பிடித்துத் தொங்கி ஓய்வெடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் ‘நிற்காமல்’ என்பது போய்விடும்.

மூச்சுதான் எல்லாம். தண்ணீருக்குள் மூச்சை அடக்கிவைத்துக்கொண்டு, தலை வெளியே வந்ததும் ஒரே நேரத்தில் விடவும் இழுக்கவும் முயன்றால் நெஞ்சு படபடக்கும். உள்ளே இருக்கும்போதே மூக்கால் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருங்கள், வெளியே வரும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

என்ன உடுத்துவது என்று கேட்கக் கூச்சப்பட்டே பெண்கள் சிலர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். நீச்சலுக்கென்று தைத்த துணியாக இருக்க வேண்டும், பருத்திச் சட்டையும் சுடிதாரும் தண்ணீரைக் குடித்துக் கனத்து இழுக்கும் என்பதால் ஆபத்து. முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. அது உங்களுக்கு வேண்டுமென்றால் குள அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனை மாதவிடாய் நாளில் வந்துவிட்டால் வேறு நாளில் நீந்திக்கொள்ளலாம், விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை, இன்னொரு நாள் வேண்டும் என்றாலே போதும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

புதிய மாணவர்கள் வந்து சேரும் நாட்களில் சோதனை வைப்பார்கள், அப்போதே போய்விடுங்கள். தேர்ச்சி பெற்றால் முதல் வாரத்திலேயே ஒரு பாரம் இறங்கிவிடும்.

தேர்ச்சி பெறாவிட்டால், அல்லது நீந்தவே தெரியாவிட்டால்

அப்போது தொடக்க நிலை நீச்சல் வகுப்பில் சேருங்கள். வகுப்பை ஒழுங்காக முடித்தால் நீச்சல் தகுதி நிறைவேறிவிடும், நான்கு வகுப்புகளில் ஒன்றாகவும் அது கணக்கில் வரும். அதாவது நீச்சல் தெரியாதவருக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. எப்படியும் நான்கு வகுப்பு எடுக்கத்தான் போகிறீர்கள், அதில் ஒன்று நீச்சலாக இருந்துவிட்டுப் போகட்டும். சொல்லிக் கொடுப்பவர்கள் பயந்த பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர்கள், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த நீந்தத் தெரியாத பிள்ளைகள் உங்களோடு இருப்பார்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் ஊரில் ஏரியிலும் ஆற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிப் போகும் செய்தியைப் படிக்கிறோம். கடலும் ஆறும் இத்தனை இருக்கிற ஒரு ஊரில் பள்ளிக்கூடம் நீச்சலைச் சொல்லித் தருவதில்லை. பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார், பன்னிரண்டாம் வகுப்பில் அந்த பீரியடே கால அட்டவணையில் பெயருக்குத்தான் இருக்கிறது. அப்படி வளர்ந்து வந்த ஒருவருக்கு, பதினெட்டு வயதில், பாதுகாப்பான குளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நின்று நீந்தக் கற்றுத் தருகிறார் என்றால் அதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் ‘படிக்கப் போனியா, குளத்துல குதிக்கப் போனியா’ என்று கேட்டால், இது இல்லாமல் பட்டம் தர மாட்டார்கள் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

பதிவு செய்வது

பாடங்களுக்குப் பதிவு செய்வதோடு இது சேராது, தனிப் பதிவு. ஒரு செமஸ்டரை இரண்டாகப் பிரித்து உடற்கல்வி வகுப்புகளை நடத்துகிறார்கள், ஆகவே செப்டம்பரில் தொடங்கும் வகுப்பு முடிந்ததும் அக்டோபர் கடைசி வாக்கில் அடுத்தது ஆரம்பிக்கும். வசந்த காலச் செமஸ்டரிலும் அப்படியே. நடுவில் ஜனவரி மாதம் ஐ.ஏ.பி. என்று ஒரு குட்டிப் பருவம் வரும், வழக்கமான பாடச் சுமை இல்லாத மாதம், அப்போதும் உடற்கல்வி வகுப்புகள் உண்டு. பதிவு திறக்கும் தேதியை காலண்டரில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பிடித்த வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள், காத்திருந்த ஒருவரின் இடம் அது. வர முடியாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்குள் விலகிக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டரில் தேர்ச்சி மட்டும்தான் பதிவாகும், மதிப்பெண் பதிவாகாது, அதனால் முதல் வகுப்பை அப்போது எடுப்பது புத்திசாலித்தனம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நான்கையும் முடிக்கச் சொல்கிறார்கள், அப்படி முடித்தால் மூன்றாம் ஆண்டில் ஆராய்ச்சி, வேலை நேர்காணல் என்று ஓடும்போது இது இடையில் வந்து நிற்காது. வகுப்பு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். காலையில் எட்டு மணிக்கு எழுவேன் என்று ஆகஸ்டில் எடுக்கும் சபதம் நவம்பரில் நிற்பதில்லை.

எதை எடுப்பது?

நான் சொல்வது, ஊரில் கிடைக்காததை எடுங்கள். பேட்மிண்டன் ஏற்கெனவே ஆடுகிறீர்கள் என்றால் அதை மாலையில் நண்பர்களோடு ஆடிக்கொள்ளலாம். சார்லஸ் ஆற்றில் எம்.ஐ.டி.க்குச் சொந்தமான படகுத்துறை இருக்கிறது, பாய்மரப் படகு ஓட்டக் கற்கலாம். அதற்கு நீச்சல் தகுதி முடித்திருக்க வேண்டும், நீச்சலில் ஆரம்பியுங்கள் என்று நான் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஜனவரியில் ஐஸ் ஸ்கேட்டிங் எடுக்கலாம், வளாகத்துக்குள்ளேயே பனித்தளம் உண்டு.

குளிர்கால வகுப்பு ஒன்றையாவது எடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். டிசம்பரில் அங்கே 4.15 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மதியம் லேபிலிருந்து வெளியே வந்தால் இரவு. வெயிலில் வளர்ந்த உடம்புக்கும் மனசுக்கும் இது பெரிய அடி, காரணம் தெரியாமலே சோர்ந்து அறைக்குள் முடங்குகிறவர்கள் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் கட்டாயமாக ஒரு இடத்துக்குப் போய், வியர்த்து, நான்கு பேரைப் பார்த்துவிட்டு வருவது அந்த மாதங்களில் எவ்வளவு தாங்குகிறது என்பது போனால்தான் தெரியும்.

வில்வித்தை, வாள்வீச்சு, துப்பாக்கி சுடுதல், பாய்மரப் படகு ஆகிய நான்கையும் முடித்தவர்களுக்கு ‘கடற்கொள்ளையர் சான்றிதழ்’ கொடுக்கிறார்கள். மாணவர்கள் வெகுகாலமாகப் பேச்சுவாக்கில் சொல்லிவந்ததை 2011 முதல் உடற்கல்வித் துறையே அதிகாரபூர்வமாக்கி, தோல்தாள் மாதிரியான காகிதத்தில் அச்சிட்டுத் தருகிறது. நான்கும் சேர்ந்து 8 புள்ளி என்பதால் தகுதியும் அதோடு முடிந்துவிடும். ஆசைப்படுங்கள், தவறில்லை. ஆனால் அந்த நான்குக்கும் போட்டி அதிகம், கிடைத்தால்தான் எடுப்பேன் என்று காத்திருந்து மூன்றாம் ஆண்டு வரை இழுக்காதீர்கள். இன்னொன்று, மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்த வகுப்பில் எந்த வகைத் துப்பாக்கி, உங்கள் விசாவுக்கு அது சரிவருமா என்று பயிற்றுநரிடமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் கேட்டுத் தெளிவு செய்த பிறகே பதிவு செய்யுங்கள். நண்பன் சொன்னான் என்று போகக் கூடாத இடம் இது.

உடம்பை வருத்தாத வகுப்புகளும் இருக்கின்றன. உடற்பயிற்சியோடு தியானம், உடற்பயிற்சியோடு உணவு, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என்று சேர்த்து நடத்துவார்கள். யோகா நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். தெரிந்திருந்தாலும், வீட்டுச் சாப்பாடு இல்லாமல், நள்ளிரவு தாண்டி நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் முடிக்கிற வாழ்க்கையில், தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி யாராவது உட்கார்ந்து பேசுவது உபயோகமானது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உணவு வகுப்பில் புரதக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இந்த வகுப்பு சிகிச்சை ஆகாது. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதில் விருப்பமே போய்விட்டது என்கிற அளவுக்கு வந்தால் வளாகத்து மனநல ஆலோசகரிடம் அன்றைக்கே போங்கள். உங்களிடம் கேட்காமல் அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பதினெட்டு வயதானவர்கள் பேசியது ரகசியமாகவே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

இணையவழிப் பயிற்சி

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மது பற்றியும் பாலியல் அத்துமீறல் தடுப்பு பற்றியும் இணையத்தில் ஒரு பயிற்சியை முடிக்கச் சொல்வார்கள், அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைகளில் இது உண்டு. நான் குடிப்பதே இல்லை, எனக்கு எதற்கு என்று வேகமாகக் கிளிக் செய்து முடிக்காதீர்கள். அங்கே 21 வயதுக்குக் கீழ் குடிப்பது சட்டவிரோதம் என்பதும், குடித்து மயங்கிக் கிடப்பவரை என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதும், இன்னொருவரின் சம்மதம் என்றால் என்ன என்பதும் குடிக்காதவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். நம் வீடுகளில் இதையெல்லாம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அதனால்தான் பொறுமையாகப் படியுங்கள் என்கிறேன்.

உடல்நிலை ஒத்துழைக்காதவர்கள்

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, பழைய எலும்பு முறிவு, நடக்கச் சிரமம் என்று எது இருந்தாலும் மறைக்காதீர்கள். மறைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து. ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி எடுத்துப்போங்கள், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தில் காட்டினால் உங்களுக்கு ஏற்ற மாற்று வழி பேசி முடிவு செய்வார்கள். சிறுவயதில் தண்ணீரில் விழுந்து பிழைத்தவர்கள், கூடப்பிறந்தவரைத் தண்ணீரில் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். அதையும் பயிற்றுநரிடம் சொல்லலாம், அது சாக்கு ஆகாது.

கடைசியாக, கணக்கைச் சரிபாருங்கள்

வெப்சிஸ் என்ற எம்.ஐ.டி.யின் மாணவர் பதிவு இணையதளத்தில் உங்கள் பட்டத் தகுதிப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வகுப்பு முடிந்து சில வாரத்தில் உள்ளே போய் 2 புள்ளி ஏறியிருக்கிறதா, நீச்சல் என்ற இடம் நிறைவேறியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கல்லூரி அணியில் விளையாடுகிறவர்களுக்கும் ராணுவப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் அதற்காக ஒரு பகுதிப் புள்ளி கிடைக்கும், அது தானாக ஏறிவிடும் என்று நம்பாமல் கேட்டு உறுதி செய்யுங்கள். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் தங்களுக்கு எத்தனை புள்ளி மீதி என்பதை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஏதாவது விடுபட்டிருந்தால் அந்தச் செமஸ்டரிலேயே உடற்கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். வகுப்பை எடுத்த பயிற்றுநர் அங்கே இருக்கும்போது வருகைப் பதிவைத் தேடி எடுத்துத் திருத்துவது எளிது, இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.